மூன்று முகமா, வில்லா

நான் அவரை முதன்முதலில் பார்த்தபோது, கைக்கு ஒன்றாக இரண்டு குடைகள் வைத்திருந்தார். இரண்டும் மூடியிருந்தன. மழை பெய்துகொண்டிருந்தது.

மைசூர் தேவராஜ மார்க்கெட் வாசலில், பூக்கடைக் கூரையின் கீழ் என்னோடு சேர்த்து ஒன்பது பேர் ஒதுங்கி நின்றோம். அவர் மட்டும் தெருவில் நின்றார். பூக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"ஸார், கையில ரெண்டு கொடை வெச்சுக்கிட்டு நனையறீங்களே, ஒண்ணை விரிங்க!"

"அதைத்தான் பாத்துட்டிருக்கேன். இதுல துணி பழசு. அதுல ஒரு கம்பி வளைஞ்சிருக்கு. ஸ்வல்ப இருங்க."

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மழை நின்றுவிட்டது. தலையிலிருந்து நீர் சொட்ட, எங்கள் ஒன்பது பேரையும் ஒரு தடவை வெற்றியோடு பார்த்தார்.

"பாத்தீங்களா? அவசரப்பட்டிருந்தா ஒரு கொடை வீணா நனைஞ்சிருக்கும்."

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குக் குடை போதும்.

"ஸ்வல்ப" என்றால் கன்னடத்தில் கொஞ்சம். மைசூர்த் தமிழர்கள் எல்லோர் வாயிலும் வரும் சொல்தான். ஆனால் மற்றவர்கள் சொன்னால் இரண்டு நிமிடம், மிஞ்சினால் ஐந்து. அவருடைய ஸ்வல்பத்துக்கு அளவு கிடையாது. நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். ஏறுகிற மாடியின் படிகளை எண்ணாமல் ஏறமாட்டேன். இது என் கோளாறு, ஒப்புக்கொள்கிறேன். ஆகையால் அவருடைய ஸ்வல்பங்களையும் அளந்து வைத்திருக்கிறேன். மிகச் சிறியது, ஓட்டலில் காப்பியா டீயா என்று கேட்டபோது: பதினோரு நிமிடம். மிகப் பெரியது ஒரு ஜன்னல். அதற்கு ஆனது இருபத்திரண்டு மாதம். அந்த இருபத்திரண்டு மாதமும் என்னுடையவை.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். அவர் ஒரு சர்க்கார் ஆபீஸில் ஒப்புநோக்கும் குமாஸ்தா. மூலப் பத்திரத்தை இடது பக்கமும், டைப் அடித்த நகலை வலது பக்கமும் வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். ஜன்னல் இல்லாத ஓர் அறையில், சுவரைப் பார்த்துப் போட்ட மேஜையில், முப்பத்தொரு வருஷமாக அதைச் செய்துவந்தார். இரண்டும் ஒன்றாக இருந்தால் கையெழுத்துப் போடுவார். வேறாக இருந்தால், எது சரி என்று சொல்லுவது அவர் வேலையல்ல, மேலே அனுப்பிவிடுவார். அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பார்கள். வீட்டில் மேலே அனுப்புவதற்கு யாரும் இல்லாததுதான் கஷ்டம்.

முதல் பொதுத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்ட கதை எங்கள் மொஹல்லா வட்டாரம் முழுவதும் தெரியும். அப்போதெல்லாம் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. மறைப்புக்குள் போய், வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும். இவர் உள்ளே போனார். வரிசையில் நின்றவர்கள் முப்பத்தேழு பேர். வெகு நேரம் கழித்து அதிகாரி, உள்ளே ஆளுக்கு மயக்கம் கியக்கம் வந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தார். "இதோ ஆச்சு ஸார்" என்று இவர் வெளியே வந்தார். சீட்டு இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில், எந்தப் பெட்டிக்கும் மனவருத்தம் வராத தூரத்தில், தரையில் கிடந்தது.

கேட்டால் ஒரு தத்துவம் வைத்திருந்தார். "ரெண்டுல ஒண்ணு கெட்டதுன்னா நான் ஒரு நிமிஷத்துல சொல்லிடுவேன். ரெண்டும் நல்லதாச்சே! நல்லதுல ஒண்ணைத் தள்ளறது பாவம் அல்வா?" (இந்த அல்வா தின்கிறது அல்ல; கன்னடத்தில் "இல்லையா".)

அவருக்கு ஒரே மகள். ஞானஸ்நானத்தின்போது போதகர் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, பெயர் என்ன என்று கேட்டார். வேதத்தில் பெண் பெயர் கொண்ட புத்தகங்கள் இரண்டு: ரூத், எஸ்தர். எதைத் தள்ளுவது? குழந்தை ரூத் எஸ்தர் ஆயிற்று. அதோடு விட்டாரா? ஒற்றைப்படைத் தேதிகளில் ரூத் என்று கூப்பிடுவார்; இரட்டைப்படைத் தேதிகளில் எஸ்தர். முப்பத்தொன்றாம் தேதியும் ஒன்றாம் தேதியும் அடுத்தடுத்து ஒற்றைப்படையாக வருவதால் ரூத்துக்கு வருஷத்தில் ஏழு நாள் கூடுதல் என்று நான் ஒரு தடவை கணக்குச் சொன்னேன். அவர் முகம் வாடிப்போயிற்று. இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அந்த ரூத்துக்குத்தான் என்னை நிச்சயம் செய்தார்கள். அவள் பெண்கள் பள்ளியில் சிறு வகுப்பு டீச்சர். நிச்சயம் முடிந்து நான் பெருமையோடு உட்கார்ந்திருந்தபோது, அவள் அம்மா, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர், பலகாரத் தட்டை என் முன் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"ரொம்ப மிதக்காதீங்க மாப்பிள்ளை. ரயில்வேயில இருந்து ஒரு கார்டு பையனும் கேட்டு வந்திருந்தான். இவர் ரெண்டு பேரையும் எட்டு மாசம் யோசிச்சாரு. அந்தப் பையன் ஹூப்ளிக்கு மாத்தலாகிப் போய், அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கிட்டான். நீங்க மிச்சம்."

நான் கையிலிருந்த அதிரசத்தை வைத்துவிட்டேன்.

"வருத்தப்படாதீங்க, சாப்பிடுங்க. எங்க வீட்டுக்கு அவர் வந்தப்போ நானும் எங்கக்காவும் ரெண்டு பேரு. அவர் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அக்காவுக்கு வேற இடத்துல கல்யாணம் ஆயிடுச்சு. நானும் மிச்சம்தான். மிச்சம் ஒண்ணும் மோசமில்லை."

இனி ஜன்னலுக்கு வருகிறேன்.

ரயில் பாதைக்கு அப்பால் புதிதாக மனை பிரித்த எக்ஸ்டென்ஷனில் அவருக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. நிச்சயம் நடந்த வருஷம், அறுப்பின் பண்டிகை ஆராதனையில், சபை முழுவதும் கேட்க எழுந்து நின்று அவர் ஆண்டவருக்கு ஒரு பொருத்தனை, அதாவது நேர்த்திக்கடன், செய்தார்: "முழுசாய்க் கட்டி முடிந்த என் வீட்டில்தான் என் மகளின் கல்யாணப் பந்தி நடக்கும். அதுவே அந்த வீட்டின் முதல் விசேஷமாயிருக்கும்." எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். என் வாழ்க்கையில் யோசிக்காமல் சொன்ன ஆமென் அது ஒன்றுதான். எங்கள் ஜனங்களிடையே, ஆண்டவருக்குப் பண்ணிய பொருத்தனையை மீறுவது என்பது பேச்சுக்குக்கூட இல்லாத விஷயம்.

வீட்டு வேலைக்கு ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்த மேஸ்திரி ஒருவர் அமர்ந்தார். ஐந்து மாதத்தில் சுவர், கூரை, தளம் எல்லாம் முடித்துவிட்டார். மிச்சம் முன் அறையின் தெருப்பக்கச் சுவர். அங்கே எட்டடி அகலத்துக்கு ஓர் ஓட்டை. அதில் வீட்டுச் சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஜன்னல் ஒன்று வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. உள்ளே ஒரு பெஞ்சு போட்டு, அதில் உட்கார்ந்து, தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்க்க வேண்டும். முப்பத்தொரு வருஷம் சுவரைப் பார்த்தவர் ஆசைப்படக் கூடாதா? ஆசைப்படலாம். ஆனால் அந்த ஜன்னலில் இரண்டு தினுசு உண்டு என்பதை யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

இங்கிலீஷில் அவற்றுக்குப் பெயர்கள் உண்டு. மேஸ்திரி வைத்த பெயர்களே எங்களுக்குப் போதுமாயிருந்தன. ஒன்று, மூணு மொகம்: நேராக ஒரு பக்கம், சாய்வாக இரண்டு பக்கம், நடுவில் இரண்டு மூலை. இன்னொன்று, வில்லு: மூலையே இல்லாமல் வளைந்து வெளியே வந்து வளைந்தே உள்ளே போவது. இரண்டுமே தரையிலிருந்து எழும்ப வேண்டும் என்பதால் இரண்டுக்கும் அஸ்திவாரம் வேண்டும்.

முதலில் மூன்று முகம் என்றார். மேஸ்திரி தோண்டிக் கருங்கல் இறக்கினார். ஒன்பதாம் நாள் அவர் வந்து பார்த்துவிட்டு, "வில்லுன்னா எப்படி இருக்கும்னு ஒரு கோடு போட்டுக் காட்டுங்க" என்றார். கோடு போட்டார். அழகாக இருந்தது. அந்தக் கோட்டிலும் தோண்டிக் கல் இறக்கச் சொன்னார். முன்புறத்தில் ஒன்றுக்கு வெளியே ஒன்றாக இரண்டு அஸ்திவாரங்கள் கிடந்தன. தெருவில் போகிறவர்கள் கிணறு வெட்டுகிறார்களோ என்று நின்று பார்த்தார்கள்.

மேஸ்திரி நல்ல மனுஷர். கஷ்டத்தைக் குறைப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு நாள் வாயைத் திறந்தார்.

"ஏனுங்கய்யா, ரெண்டும் வேண்டாமுங்க. சொவத்துல கல்லைக் குடுத்துத் தொங்கலா ஒரு ஜன்னல் வெச்சுப் போடலாமுங்க. அஸ்திவாரமே வேண்டியதில்லீங்க."

அவர் கண்கள் விரிந்தன. "தொங்கலா? அப்படி ஒண்ணு இருக்கா?"

மேஸ்திரி என் பக்கம் திரும்பித் தலையில் கை வைத்துக்கொண்டார். "வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேனுங்க வாத்தியாரே. ரெண்டாயிருந்தது மூணாப் போச்சு."

அந்தத் தொங்கலை ஒழிக்க, சுவர் தரைமட்டம்வரை திறந்துவிட்டபடியால் இனி அது நிற்கவே நிற்காது என்று மேஸ்திரி தம் குலதெய்வத்தின்மேல் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அதற்குள் ஏழு வாரம் போய்விட்டது.

பிறகு ஊரிலுள்ள ஜன்னல்களை நேரில் பார்ப்பது என்று தீர்மானமாயிற்று. ஆறு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து சாப்பிட்டதும், பெரிய பங்களாக்கள் இருக்கும் தெருக்களில் நாங்கள் இருவரும் நடந்தோம். முன்னே நீட்டிய ஜன்னல்கள் மொத்தம் முப்பத்தெட்டு. மூன்று முகம் இருபத்தாறு, வில் ஒன்பது, தொங்கல் மூன்று. பெரும்பான்மையைச் சொல்லி முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

"இருபத்தாறு பேரு ஒண்ணைச் செஞ்சிருக்காங்கன்னா, அது அவங்க யோசிக்கலைன்னுதானே அர்த்தம்?" என்றார்.

ஒரு பங்களா வாசலில் ரொம்ப நேரம் நின்றுவிட்டோம். ரிடையர்டு அதிகாரி ஒருவர் கைத்தடியோடு வெளியே வந்து, யார் வேண்டும் என்று கன்னடத்தில் அதட்டினார். "யாரும் வேண்டாம், ஜன்னல்" என்றார் இவர். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். இவர் அந்த வில் ஜன்னல் பெஞ்சில் ஒரு மணி பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு சாந்தம். எல்லாம் முடிந்தது என்று என் மனம் துள்ளியது. கேட்டுக்கு வெளியே வந்ததும் சொன்னார்:

"பிரமாதம், மாப்பிள்ளை. இப்போ மூணு முகத்திலயும் ஒரு மணி பத்து நிமிஷம் உக்காந்து பாக்கணும். அதுதானே நியாயம்?"

இதற்கிடையில் சபையில் எங்கள் ஓலை வாசிக்கப்பட்டது. இன்னாருக்கும் இன்னாளுக்கும் விவாகம், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு தொடர்ந்து ஆராதனையில் அறிவிப்பார்கள். அறிவித்து இரண்டு மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் ஓலை காலாவதியாகிவிடும். மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும். எங்கள் முதல் ஓலை மழைக்காலத்தில் காலாவதியாயிற்று. அன்று ஓட்டையில் மூங்கில் தட்டி கட்டியிருந்தது. இரண்டாவது ஓலையின்போது போதகர், "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று வழக்கம்போல் நிறுத்தினார். பாடகர் பக்கத்திலிருந்து ஒரு குரல், "ஜன்னலுக்கு!" என்றது. போதகரே புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். ரூத் மூன்றாவது பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்துவரை சிவந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். அந்த ஓலையும் புது வருஷத்தோடு காலாவதியாயிற்று.

தட்டி கிழிந்து, அந்த ஓட்டையே வாசல் ஆகிவிட்டிருந்தது. மேஸ்திரி, தச்சர், மோர்க்காரி எல்லோரும் அதன் வழியாகத்தான் போய்வந்தார்கள். ஒரு கழுதையும் வரும். பக்கத்தில் தேக்குமரக் கதவு, கைப்பிடி மினுங்க, ஒருவராலும் திறக்கப்படாமல் இருந்தது.

சிரிப்பு போதும் என்று ஆகிவிட்டது. கொள்ளேகாலிலிருந்து என் அக்கா எழுதினாள். அப்பா அம்மா இல்லாத எனக்கு எல்லாம் அவள்தான். "தம்பிக்கு, இந்த வாட்டியும் நடக்கலைன்னா அந்தச் சம்பந்தத்தை விட்டுடு. இங்கே ஒரு பொண்ணு பாத்து வெச்சிருக்கேன். அவங்க வீட்டுல எல்லா ஜன்னலும் வெச்சாச்சு." ரூத்துக்கு இருபத்தைந்து முடிந்திருந்தது. இரண்டு தடவை ஓலை வாசித்து நின்றுபோன பெண்ணை வேறு யார் கேட்டு வருவார்கள் என்று சபையில் பெண்கள் பேசத் தொடங்கியிருந்தார்கள். அவள் காதில் விழும்படியே பேசினார்கள்.

மூன்றாவது ஓலையின் மூன்றாவது ஞாயிறு முடிந்ததும் போதகர் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"சாம்பல் புதன்கிழமைக்கு இன்னும் பதினேழு நாள். அன்னிக்கு லெந்து தவக்காலம் ஆரம்பிச்சா ஈஸ்டர் முடியற வரைக்கும் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் முடியறதுக்குள்ள ஓலை போயிடும். நாலாவது தடவை நான் வாசிக்க மாட்டேன், ஐயா. ஜனங்க ஜெபம் பண்ண வர்றாங்களா, சிரிக்க வர்றாங்களான்னு எனக்கே தெரியல."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. திடீரென்று தெளிந்தது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, நீங்க கணக்கு வாத்தியார். நீங்க சொல்லுங்க. அடுத்த சனிக்கிழமைக்குள்ள நீங்க எதைச் சொல்றீங்களோ அதை அப்படியே மேஸ்திரிகிட்ட சொல்லிடறேன். ஆண்டவர் சாட்சி."

மேலே அனுப்புவதற்கு அவருக்கு ஆள் கிடைத்துவிட்டது.

அறைக்குப் போனேன். ஒரு தாளை நடுவில் கோடு கிழித்து, இடது பக்கம் மூன்று முகம், வலது பக்கம் வில் என்று எழுதினேன். மூன்று முகத்துக்கு நேர்க்கண்ணாடி போதும். திரை தைப்பது சுலபம். மூலையில் ஒரு பூந்தொட்டி வைக்கலாம். வில்லுக்கு மூலை இல்லாததால் ஒட்டடை சேராது. வெளிச்சம் ஒரே சீராக வரும். பெஞ்சில் மூன்று பேர் இடித்துக்கொள்ளாமல் உட்காரலாம். நியாயமாக இருக்க வேண்டும் என்பதில் நான் மிகவும் கவனமாக இருந்தேன்.

வியாழக்கிழமை மார்க்கெட்டில் ரூத்தைப் பார்த்தேன். கையில் கீரைக்கட்டு. அந்த இருபத்திரண்டு மாதத்தில் நாங்கள் தனியாகப் பேசியது பத்தொன்பது தடவை, இது இருபதாவது.

"தாள் எந்த மட்டுல இருக்கு?" என்று கேட்டாள்.

"ஒன்பது, எட்டு."

"எதுக்கு ஒம்பது?"

"வில்லுக்கு. ஆனா சாயங்காலத்துக்குள்ள மாறலாம்."

அவள் கீரைக்கட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "நீங்க கணக்கு வாத்தியார்தானே?"

"ஆமாம்."

"ஒம்பது பெருசா, எட்டு பெருசா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை காலை எல்லோரும் புது வீட்டில் கூடினோம். மேஸ்திரி சாமான்களை ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வேறு வேலை ஒத்துக்கொண்டுவிட்டார், இரண்டொரு நாளில் கிளம்ப வேண்டும். அத்தை, ரூத்தின் அம்மா, செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். ரூத் ஓட்டையின் ஓரத்தில் நின்றாள். அவர் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, தீர்ப்புக் கேட்க வந்தவர்போல் நின்றார். நான் தாளை விரித்தேன்.

"மூன்று முகத்துக்கு பதினாலு காரணம்."

"சரி."

"வில்லுக்கு..." மறுபடி ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன். "வில்லுக்கும் பதினாலு."

வெளியே கழுதை கத்தியது. பிறகு அவர் பாய்ந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். வாழ்க்கையில் ஒரே தடவை அவர் என்னைக் கட்டிக்கொண்டது அப்போதுதான்.

"பாத்தீங்களா! ரெண்டு வருஷமா நான் என்ன சொல்லிட்டிருக்கேன்? ஒருத்தராவது கேட்டீங்களா? கணக்கு வாத்தியாரே சொல்லிட்டாரு!"

அவர் தோளுக்கு மேலாக நான் ரூத்தைப் பார்த்தேன். அவள் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மார்க்கெட்டில் இரண்டு வியாபாரிகளும் ஒரே சொத்தைக் கத்தரிக்காயை நீட்டினால் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படி. பிறகு மேஸ்திரி பக்கம் திரும்பினாள்.

"மேஸ்திரி, செங்கல் எவ்வளவு இருக்கு?"

"கெடக்குதுங்க அம்மிணி, எழுநூறு இருக்கும்."

"இந்த ஓட்டையை நேரா மூட எத்தனை வேணும்?"

"மூடறதுங்களா?"

"சுவரா எழுப்பி மூடிடுங்க. மூணு முகமும் வேண்டாம், வில்லும் வேண்டாம், ஜன்னலே வேண்டாம். எத்தனை நாள் ஆகும்?"

மேஸ்திரி சாக்குக் கட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "இன்னிக்கும் திங்கக்கிழமையும் போதுமுங்க. சாந்து கலக்கட்டுங்களா?"

"ஸ்வல்ப இரு, எஸ்தர்!" என்று அவர் கத்தினார்.

அவள் அப்பாவின் பக்கத்தில் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"இன்னிக்கு ஒத்தைப்படைத் தேதிப்பா. இன்னிக்கு நான் ரூத்."

அவர் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. முப்பத்தொரு வருஷம் ஒரு வரி தப்பவிடாதவர், தம் மகளின் பெயரில் தப்பிவிட்டார். செங்கல் அடுக்கின் பக்கம் போய், பழக்கதோஷமாகக் கைக்கு ஒன்றாக இரண்டு செங்கல்களை எடுத்தார். ஒன்று கருத்திருந்தது, ஒன்று சிவந்திருந்தது. இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரூத் இரண்டு கைகளையும் நீட்டினாள். "ரெண்டும் வேணும்பா. குடுங்க."

அவர் முகம் மலர்ந்ததை நான் எப்படி எழுதுவேன்? ரெண்டும் வேண்டும் என்று அவரிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. இரண்டையும் கொடுத்தார். திரும்பப் போய் இன்னும் இரண்டு எடுத்துவந்தார். கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, அன்றும் திங்கட்கிழமையும் நாள் பூராவும் இரண்டிரண்டாகக் கொண்டுவந்து கொடுத்தார். தம் ஜன்னலைத் தம் கையாலேயே அடைக்கிறோம் என்பது அவருக்குத் தோன்றியதாகவே தெரியவில்லை. அறுநூற்று நாற்பது செங்கல் பிடித்தது. முந்நூற்று இருபது நடை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன், எனக்கு வேறு வேலை யாரும் கொடுக்கவில்லை.

போதகர் செவ்வாய்க்கிழமை வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "பொருத்தனையில முழுசாய்க் கட்டி முடிஞ்ச வீடுன்னுதானே சொன்னீங்க? ஜன்னல் வெச்ச வீடுன்னு சொல்லலையே?" என்றார். ஓர் ஓட்டை இல்லாமல் முடிந்திருந்தது.

லெந்து தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னால், திங்கட்கிழமை, எங்கள் கல்யாணம் நடந்தது. பந்தி அந்த வீட்டில்தான். முன் அறையில் நடுப்பகலில் இலையில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்கு ஏற்றினார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரையும் அவர் கையைப் பிடித்து அந்த மொட்டைச் சுவரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "இங்கே ஒரு ஜன்னல் வரும். ரெண்டு விதமா யோசனை இருக்கு" என்றார். நாற்பது பேரிடமாவது சொல்லியிருப்பார். அத்தனை சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததே இல்லை.

ஊர்வலமெல்லாம் இல்லை. ஜட்காவில் ஏறினோம். என் அறைக்குப் போக இரண்டு வழி உண்டு, மார்க்கெட் வழி ஒன்று, ஸ்டேஷன் வழி ஒன்று. ஜட்காக்காரர் எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். ரூத் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"மார்க்கெட் வழியா போங்க" என்று அவரிடம் சொன்னாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வழிகளை அவளே சொல்லிவிடுகிறாள். எண்ணுகிற வேலை என்னுடையது.

அவர் அந்த வீட்டில் பத்தொன்பது வருஷம் இருந்தார். ஜன்னல் வரவில்லை. முன்புறத்து இரண்டு அஸ்திவாரங்களிலும் அத்தை மண் போட்டுப் புதினாவும் கொத்தமல்லியும் வளர்த்தார். ஆபீஸை விட்ட பிறகு அவர் முன் அறையில் ஒரு நாற்காலியைப் போட்டு, அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். ஆபீஸில் எப்படி உட்கார்ந்திருந்தாரோ அப்படியே. பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கும். சுற்றிலும் நல்ல வெளிச்சமான இடங்கள் இருக்கின்றனவே மாமா என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். சிரிப்பார்.

கடைசி வருஷத்தில் ஒரு நாள் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். கண் மங்கிவிட்டிருந்தது. காலடிச் சத்தத்திலேயே நான் என்று தெரிந்துகொண்டார்.

"மாப்பிள்ளை, அந்தத் தாளு இருக்கா?"

"இருக்கு மாமா."

"பதினாலு, பதினாலுன்னு நின்னுதே. பதினஞ்சாவது ஏதாவது கிடைச்சுதா?"

கிடைத்திருந்தது. கல்யாணமாகி ஏழாவது வருஷமே, பள்ளியில் பரீட்சை மேற்பார்வை செய்துகொண்டிருந்தபோது சட்டென்று தோன்றியது. வில்லுக்குத்தான். மறுக்கவே முடியாத காரணம். அன்றே தாளை எடுத்து எழுதியும் வைத்துவிட்டேன்.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கமிருந்து என் பக்கம் திருப்பிக் காத்திருந்தார். கைகள் இரண்டும் நாற்காலியின் இரண்டு பக்கங்களையும் இறுகப் பிடித்திருந்தன.

"இல்லை மாமா. இன்னும் பதினாலு பதினாலுதான்."

கைகள் தளர்ந்தன. "அதானே பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாகச் சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.